நின்றது எந்த வண்டி?

காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் அவருக்குக் கணினி வேலை. வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம் வந்தால் போதும் என்று நிறுவனம் சொல்லிவிட்டதால், ஓசூரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு காரையும் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்ததால் இத்தனை டன் கார்பன் மிச்சமானது என்று நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் போட்டிருக்கிறதாம். “இது உண்மைதானா? எங்கள் பக்கம் பட்டா, பென்ஷன், மருத்துவம் எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டதே, அதனாலும் புகை குறைந்திருக்குமா?” என்பது கேள்வி.

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துப் போக்குவரத்துப் பணிமனைகளில் காலம் தள்ளியவன் நான். டீசல் கணக்கு கைப்பழக்கம். அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்.

தம்பி, நிறுவனத்தின் கணக்கு எப்படியோ, உங்கள் ஒருவர் விஷயத்தில் புகை கூடியிருக்கிறது.

ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஐந்து நாள் போய் வந்தால் வாரத்துக்கு 200. காவேரிப்பட்டணத்திலிருந்து ஏறக்குறைய 80. இரண்டே நாள் போய் வந்தாலும் வாரத்துக்கு 320. நாள் குறைந்தது, தூரம் கூடிவிட்டது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும், டீசலுக்கு 2.7 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில் தனியாகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஓசூர் வாழ்க்கைக்கு வாரம் 31 கிலோ, ஊர் வாழ்க்கைக்கு 49 கிலோ. அத்திப்பள்ளியிலும் சந்தாபுரத்திலும் முதல் கியரில் ஊர்ந்து போகும் நேரத்தில் அந்த 15 கிலோமீட்டர் எங்கே கிடைக்கப்போகிறது? அதைத் தள்ளிவிட்டுத்தான் இந்தக் கணக்கு.

அந்த இரண்டு நாளையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு, நடு இரவு நண்பர் அறையில் தங்கிவிட்டால் வாரத்துக்கு ஒரே ஒரு போய்வரல். 160 கிலோமீட்டர், 25 கிலோ. செவ்வாய் ஒரு நாள், வெள்ளி ஒரு நாள் என்று பிரித்து வைத்தால் மறுபடி 49. வேலை ஒன்றுதான், எந்தக் கிழமைகளில் போகிறீர்கள் என்பதிலேயே பாதிக்குப் பாதி வித்தியாசம் வருகிறது.

இப்போது அதே 320 கிலோமீட்டரை பஸ்ஸில் போடுங்கள். எங்கள் வண்டிகள் லிட்டருக்கு ஐந்து, ஐந்தரை கிலோமீட்டர் ஓடும். ஐந்து என்றே வைப்போம். ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தால் ஒரு ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 11 கிராம்தான். வாரம் முழுவதற்கும் சேர்த்து மூன்றரை கிலோ. காரில் 49, பஸ்ஸில் மூன்றரை. வீட்டிலிருந்து வேலையா, அலுவலகத்திலிருந்து வேலையா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பதில்லை. ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிற பெண், ஊரில் உட்கார்ந்து வாரம் இருமுறை காரை எடுக்கிற உங்களைவிடப் பல மடங்கு குறைவாகப் புகைக்கிறாள். நிறுவனத்தின் ஏட்டில் அவள் தினமும் பயணம் செய்பவள், நீங்கள் மிச்சம் பிடித்தவர்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. சர்வதேச எரிசக்தி முகமை 2020-ல் இதை ஆராய்ந்தபோது, காரில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவர் வீட்டில் இருந்தால் பொதுவாகப் புகை குறையும், அதைவிடக் குறைந்த தூரம் போகிறவரோ பொதுப் போக்குவரத்தில் போகிறவரோ வீட்டில் இருந்தால் கூடவும் செய்யலாம் என்றது. வீட்டில் கூடுதலாகச் செலவாகும் எரிசக்திதான் காரணம். உலகில் வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் வாரத்தில் ஒரு நாள் அப்படிச் செய்தால், சாலைப் பயணிகள் போக்குவரத்துக்கு ஓராண்டில் எரியும் எண்ணெயில் சுமார் 1 சதவீதம் மிச்சமாகும் என்றும் அதே முகமை கணக்கிட்டது. கார்னெல் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் சேர்ந்து அமெரிக்க ஊழியர்களை வைத்து 2023-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. முழுநேரமும் வீட்டிலிருந்தே வேலை என்றால் 54 சதவீதம் வரை குறையும். வாரம் இரண்டு முதல் நான்கு நாள் வீட்டில் என்றால் 11 முதல் 29 சதவீதம். ஒரே ஒரு நாள் என்றால் வெறும் 2 சதவீதம். ஒரு நாள் வீட்டில் இருக்கும்போது அலுவலகக் கட்டடம் அப்படியே எரிந்துகொண்டிருக்கிறது. சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் முடித்துவந்த சில்லறை வேலைகளுக்கு இப்போது தனியாக வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. மிச்சமானதில் பெரும்பங்கு அங்கேயே கரைந்துவிடுகிறது.

அமெரிக்கக் கணக்கை அப்படியே பாலக்கோட்டுக்கோ பர்கூருக்கோ தூக்கி வர முடியாது. அங்கே ஆளுக்கொரு கார். வீட்டைச் சூடாக்கவும் எரிபொருள் வேண்டும். நமக்குத் தொல்லை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. மடிக்கணினி எட்டு மணி நேரம் ஓடினால் அரை யூனிட்கூட ஆகாது. மின்விசிறியும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்வதற்கென்றே ஒன்றரை டன் ஏசி வாங்கி மாட்டியிருந்தால் ஒரு வேலை நாளுக்கு எட்டு யூனிட் வரை இழுக்கும். நம் நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு பெரியது என்பதால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ வெளியேறுகிறது. எட்டு யூனிட்டுக்கு ஐந்தரை கிலோ. காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ்ஸில் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்த் திரும்பினால் இரண்டு கிலோகூட ஆகாது. ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே வருஷத்தில் பாதி நாள் சன்னலைத் திறந்து வைத்தாலே போதும். மலை இறங்கிக் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் வந்துவிட்டால் சித்திரையில் அந்தப் பேச்செல்லாம் எடுபடாது.

காணொலிக் கூட்டங்களும் புகைதானே, எங்கோ சர்வர்கள் எரிகின்றனவே என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். ஒரு மணி நேரம் இணையத்தில் படம் பார்த்தால் உலகச் சராசரியாக 36 கிராம் என்று அதே எரிசக்தி முகமை மதிப்பிட்டது. உங்கள் கார் கால் கிலோமீட்டர் ஓடினால் அதற்குச் சமம். அதை மறந்துவிடலாம்.

பஸ் விஷயத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. நீங்கள் பஸ்ஸில் போகாமல் வீட்டில் இருந்துவிட்டால் அந்த 11 கிராம் மிச்சமா? இல்லை. உங்கள் இருக்கை காலியாக ஓடும். பஸ் அதே டீசலைக் குடிக்கும். நிறுவனம் அனுப்பும் வேனும் அப்படித்தான். பத்துப் பேருக்குப் பதில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு அதே வழியில் அதே நேரத்துக்கு வரும். பயணம் நின்றாலும் வண்டி நிற்கவில்லை என்றால் மிச்சம் என்று எதையும் சொல்ல முடியாது. ஆண்டறிக்கை எழுதுகிறவர்கள் ஊழியர் எண்ணிக்கையைச் சராசரித் தூரத்தால் பெருக்கி, அதை நாட்களால் பெருக்கி டன்னாக்கிவிடுகிறார்கள். எந்த வண்டி உண்மையில் நின்றது என்று கேட்டால்தான் கணக்கு தேறும். தனி ஆள் ஓட்டும் கார் நின்றால் முழு மிச்சம். பைக் நின்றால் கிலோமீட்டருக்கு 46 கிராம் மிச்சம். பஸ்ஸில் போகிறவர் நின்றால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

இந்தப் பேச்சில் பங்கே இல்லாதவர்கள்தான் நம் இரண்டு மாவட்டங்களிலும் அதிகம். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்டுக்குப் போகிறவர் எந்தக் காலத்திலும் வீட்டிலிருந்தபடி வண்டிப் பாகங்களைப் பூட்ட முடியாது. போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர் என்று மின்சார ஸ்கூட்டர்கள் இந்த மண்ணில்தான் உருவாகின்றன. நம் நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றினாலும் பெட்ரோல் ஸ்கூட்டர் வெளியிடுவதில் பாதிக்கும் கீழேதான் ஆகிறது. பயணப் புகையைக் குறைக்கும் பொருளைச் செய்கிறவர்கள் அதைச் செய்வதற்கென்றே தினமும் பயணம் போயாக வேண்டும். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவருக்கும், மாம்பழக் கூழ் ஆலையில் சீசனுக்கு நிற்கிற பெண்களுக்கும் இதே கதிதான். தேசிய நெடுஞ்சாலை 44-ல் தொப்பூர்க் கணவாய் இறங்கும் லாரி வரிசையைப் பார்த்தவர்களுக்கு, மடிக்கணினிக்காரர்கள் எல்லோரும் வீட்டில் இருந்தாலும் அந்தச் சாலையின் புகை எவ்வளவு குறையும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2020 ஏப்ரல் தொடக்கத்தில், உலகமே கதவடைத்துக் கிடந்தபோது, அன்றாடக் கரியமில வாயு முந்தைய ஆண்டுச் சராசரியைவிட 17 சதவீதம்தான் குறைந்திருந்தது. மீதி எண்பதுக்கு மேல், ஊரடங்கிலும் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்து, இணையச் சேவைகள். இங்கேதான் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

சிட்டாவும் வில்லங்கச் சான்றும் இணையத்தில் எடுக்கலாம் என்றானது பெரிய விடுதலை, அதில் சந்தேகமே இல்லை. கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறாரா, வருவாய் ஆய்வாளர் கையெழுத்துப் போட்டாரா என்று தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்த காலம் எனக்குத் தெரியும். மிச்சமானது ஒரு நாள் கூலியும், கைக்காசும், மானமும். புகை மிச்சமானதா என்றால், அவர்கள் வந்தது டவுன் பஸ்ஸில். அந்த பஸ் இன்றைக்கும் ஓடுகிறது. அதனால் இந்தச் சேவைகளை ‘பசுமை’ என்ற பட்டத்தோடு விளம்பரம் செய்வது எனக்குப் பிடிப்பதில்லை. ஏழைக்கு ஒரு நாள் கூலி மிச்சம் என்பதே போதுமான நல்ல காரணம்.

அதிலும் எல்லா நடையும் குறைந்துவிடவில்லை. பாலக்கோடு பக்கத்து இ-சேவை மையம் ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மூதாட்டி சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். ஆதாரோடு இணைத்திருந்தது மகனின் கைப்பேசி எண். மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அந்தக் கம்பெனிக்குள் போகும்போது கைப்பேசியை வாசலில் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஓ.டி.பி. அந்தப் பெட்டிக்குள் போய் விழுந்து காலாவதியாகிக்கொண்டிருந்தது. மையத்துப் பெண் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, “பாட்டி, உங்கள் மகனுக்கு ஷிஃப்ட் எப்போது முடியும்?” என்று கேட்டாள். பாட்டிக்கு ஷிஃப்ட் விவரம் எங்கே தெரியும்? “அவன் ஞாயிற்றுக்கிழமை வருவான்” என்றார். ஞாயிற்றுக்கிழமை மையம் கிடையாது. ஒரு நடையில் முடிய வேண்டியது மூன்றாவது நடைக்கு நீண்டது. நல்ல வேளையாக, சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இல்லாவிட்டால் விண்ணப்பக் கட்டணத்தைவிட பஸ் காசு கூடுதலாகியிருக்கும்.

உண்மையில் பயணத்தைக் குறைத்த சேவைகளும் இருக்கின்றன. அவற்றை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். திரை மட்டும் அங்கே வேலை செய்யவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்றவர்களுக்கு, அந்தந்தப் பகுதிப் பெண் ஒருவரே வீடு தேடி வந்து, ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பலரின் நடையை ஒருவரின் நடை மாற்றுகிறது. பென்ஷன்காரர்களின் உயிர்ச் சான்று 2014 நவம்பரில் மின்னணு வடிவத்துக்கு வந்தது. ஆனாலும் விரல் ரேகை வைக்க எங்காவது போக வேண்டியிருந்தது. 2020-ல் தபால்காரரே வீட்டுக்கு வந்து ரேகை எடுத்துப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்த பிறகுதான் மலையோர ஊர்க் கிழவர்கள் நிம்மதியானார்கள். தபால்காரர் எப்படியும் அந்தத் தெருவுக்கு வருகிறவர். கூடுதல் எரிபொருள் பூஜ்யம். பூக்கூடையையும் சாப்பாட்டுத் தூக்கையும் நடத்துநரிடம் கொடுத்தனுப்பி அடுத்த ஊர் ஸ்டாப்பில் வாங்கிக்கொள்ளும் நம் பக்கத்து வழக்கம் இருக்கிறதே, அதே புத்திதான். எப்படியும் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினால்தான் பயணம் உண்மையில் ஒழிகிறது.

மருத்துவ ஆலோசனையை காணொலியில் தரும் இ-சஞ்சீவனி 2019-ல் வந்தது. கொரோனா காலத்தில் தமிழ்நாடு அதை நன்றாகவே பயன்படுத்தியது. பழைய சீட்டைக் காட்டி மாத்திரை தொடரலாமா என்று கேட்க அது அருமையான வழி. ஆனால் ரத்தப் பரிசோதனை என்றதும் புறப்பட்டாக வேண்டும். தர்மபுரியில் 2008-ல் மருத்துவக் கல்லூரி வந்தது, கிருஷ்ணகிரியில் 2022-ல் திறந்தார்கள். வேப்பனப்பள்ளிக்காரரும் ஊத்தங்கரைக்காரரும் சேலத்துக்கும் பெங்களூருக்கும் வண்டி பிடித்த தூரத்தை இந்தக் கட்டடங்கள் குறைத்த அளவுக்கு எந்தச் செயலியும் குறைத்திருக்காது என்பது என் எண்ணம். அவசரத்துக்குப் பிடிக்கிற அந்த வண்டி பஸ் இல்லை, வாடகைக் கார். நின்றது கார் என்பதால் இந்த மிச்சம் கனமானது.

இணையத்தில் பொருள் வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாக. நெருக்கமான தெருக்களில் ஒரே வண்டி அறுபது, எழுபது பார்சலை இறக்கிவிட்டுப் போனால், அவர்கள் தனித்தனியே பைக் எடுத்துக் கடைக்குப் போவதைவிட நல்லது. ஒற்றை பார்சலுக்காக ஒருவர் பைக்கில் அஞ்செட்டி மலைச் சாலையில் ஏறி, வாங்க ஆளில்லை என்று திருப்பி எடுத்து வந்தால் நஷ்டம். வாரச் சந்தைக்கு பஸ்ஸில் போகும்போதே வாங்கியிருக்கக்கூடிய பொருள் என்றால் இன்னும் நஷ்டம்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறு. காலை பத்து மணி பஸ் நடையில் ஏறுகிறவர்கள் யார் என்று எந்த நடத்துநரைக் கேட்டாலும் சொல்வார். பள்ளிக்கூடக் கூட்டம் எட்டரைக்கே முடிந்துவிடும். பத்து மணி வண்டியில் வருகிறவர்கள் பேங்குக்கு, கரண்ட் பில் கட்ட, தாலுகா ஆபீசுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று வருகிறவர்கள். இந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கைப்பேசிக்குள் போகப் போக அந்த நடையின் கூட்டம் மெலிகிறது. அரசு வண்டிக்குப் பெண்கள் பயணத்துக்கான தொகையை அரசே ஈடு செய்கிறது. தனியார் பஸ்ஸும் மினி பஸ்ஸும் அன்றைய கலெக்‌ஷனை நம்பி ஓடுகின்றன. கலெக்‌ஷன் விழுந்தால் முதலில் வெட்டப்படுவது நடுப்பகல் நடைதான். ஒரு நடை போனால் அந்த ஊரில் மிச்சம் இருப்பவர்களும் பஸ்ஸை நம்ப மாட்டார்கள். தவணையில் ஒரு பைக் வாங்குவார்கள். வாங்கிய பைக் மாதம் ஒரு முறை தாலுகா ஆபீசுக்கு மட்டும் போகாது. கல்யாணத்துக்கு, சந்தைக்கு, சும்மா டீ குடிக்க என்று எல்லாவற்றுக்கும் புறப்படும். பஸ்ஸில் 11 கிராமாக இருந்தது பைக்கில் நான்கு மடங்காகும். பயணத்தைக் குறைக்க வந்த சேவை, பஸ்ஸைக் குறைத்து, பைக்கைப் பெருக்கிவிடக்கூடும். இதை எந்த ஆண்டறிக்கையும் எழுதாது.

உங்களைப் போன்றவர்கள் ஊர் திரும்புவதிலும் இதே சிக்கல் உண்டு. பயணத்துக்கு மனிதன் ஒதுக்கும் நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி என்பது எந்தக் காலத்திலும் பெரிதாக மாறுவதில்லை என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994-ல் எழுதினார். சாலை வேகமானால் வீடு தூரம் போகும். 2010-ல் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்த பிறகு ஓசூரில் மனை விலை என்ன ஆனது என்று பார்த்தவர்கள் நாம். வாரம் இரண்டு நாள் போதும் என்றதும் அந்தத் தூரம் சூளகிரிக்கு, கிருஷ்ணகிரிக்கு, காவேரிப்பட்டணத்துக்கு நீள்கிறது. கிருஷ்ணகிரி நகருக்கு ரயிலும் கிடையாது. சேலம்–பெங்களூரு பாதை தர்மபுரி, ஓசூர் வழியாகப் போய்விடுகிறது. பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. பெங்களூருக்குள் சில்க் போர்டு சந்திப்புக்கு அப்பால் வேலை உள்ளவர்கள் ஓசூர் பஸ்ஸில் பொம்மசந்திராவில் இறங்கி ஏறிக்கொள்ளலாம். உங்கள் அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியிலேயே இருப்பதால் நேர் பஸ்ஸே போதும்.

ஊர் திரும்பியது தவறு என்று நான் சொல்லவில்லை. வயதான பெற்றோர் பக்கத்தில் இருப்பதைக் கிலோ கணக்கில் அளக்க முடியாது. புகை குறைய வேண்டும் என்றால் செய்ய வேண்டியது இரண்டுதான். அலுவலக நாட்களை அடுத்தடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரைக் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு பஸ் ஏறுங்கள். அல்லது அதே வழியில் போகும் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு பேர் போனால் 49 கிலோ ஆளுக்குப் பன்னிரண்டாகிவிடும்.

நிறுவனத்து அறிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட, சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல், அந்தச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பொறுப்பு அறிக்கையைத் தந்தாக வேண்டும். அதில் ஊழியர்களின் போக்குவரத்துப் புகை விருப்பத்தின்பேரில் சேர்க்கும் பகுதி, கட்டாயமில்லை. அதனால்தான் கணக்குப் போடும் முறையும் அவரவர் விருப்பமாக இருக்கிறது. உங்கள் மனிதவளத் துறையினர் அடுத்த முறை படிவம் அனுப்பினால், வாரத்தில் எத்தனை நாள் வருகிறீர்கள் என்ற கேள்வியோடு விட்டுவிடாதீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். வீடு எத்தனை கிலோமீட்டர், சென்ற ஆண்டு எத்தனை கிலோமீட்டராக இருந்தது, என்ன வண்டி, வண்டியில் எத்தனை பேர், வீட்டில் வேலை செய்யும் அறையில் ஏசி உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். அப்படியே, பாதி ஆள் வராத நாளில் அலுவலகத்தில் எத்தனை தளத்தின் ஏசியை நிறுத்துகிறார்கள் என்பதையும் அறிக்கையில் போடச் சொல்லுங்கள்.